ஒரே வீச்சில் வீட்டுக்குப் போன போக்குவரத்துப் போலீஸ்: ஜார்ஜியா, 2004

ஜார்ஜியா என்றதும் அமெரிக்க மாநிலம் நினைவுக்கு வந்தால் ஒதுக்கிவிடுங்கள். இது காகசஸ் மலைத்தொடருக்குத் தெற்கே, கருங்கடல் ஓரமாக இருக்கும் ஒரு சிறிய நாடு. மக்கள்தொகை சுமார் 40 லட்சம். 1991 ஏப்ரலில் சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்தது. 2004 கோடையில் அந்நாட்டு அரசு தன் போக்குவரத்துப் போலீஸ் துறையை முழுசாகக் கலைத்தது. சுமார் 16,000 பேர் வேலையிழந்தார்கள். வேறொரு நாட்டில் ஊழல் ஒழிப்பு பற்றிப் பேசும் எவரும் இந்தச் சம்பவத்தைத் தொடாமல் போவதில்லை. பெரும்பாலும் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். மீதிப் பாதியையும் சேர்த்துப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். சாலையில் நின்ற காவலர்கள், வண்டியோட்டிகள், பாதிக்கப்பட்டவர்கள் யார் பெயரும் இதில் இல்லை. நாடறிந்த பதவியில் இருந்தவர்களின் பெயர் மட்டும் தேவைப்பட்ட இடத்தில் வரும்.

பின்னணி

விடுதலை கிடைத்த கையோடு உள்நாட்டுப் போர் வந்தது. அப்காசியா, தெற்கு ஒசேத்தியா என்ற இரண்டு பகுதிகள் மத்திய அரசின் கைப்பிடியை விட்டுப் போயின. 1990-களின் நடுவில், நாட்டின் தலைவராக இருந்த எடுவர்ட் ஷெவர்ட்நாட்ஸே ஓரளவு அமைதியைக் கொண்டுவந்தார். கோர்பச்சேவ் காலத்தில் சோவியத் வெளியுறவு அமைச்சராக இருந்த அதே மனிதர்தான். ஆனால் அவர் கொண்டுவந்த அமைதி, எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு கொடுத்து வாங்கிய அமைதி. யாரிடமும் கணக்குக் கேட்பதில்லை, அதனால் யாரும் கிளர்ச்சி செய்வதில்லை.

விளைவு, கஜானா காலி. 2003-இல் வரி வருவாய் நாட்டின் மொத்த உற்பத்தியில் 12 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஆசிரியர் சம்பளமும் முதியோர் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் பாக்கி. குளிர்காலத்தில் தலைநகர் திபிலிசியிலேயே மின்சாரம் ஒழுங்காகக் கிடையாது. ஊழலைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான டிரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் அந்த ஆண்டு வெளியிட்ட, ஊழல் குறைந்த நாடு முதலில் வரும் ஊழல் பட்டியலில் இருந்த 133 நாடுகளில் ஜார்ஜியாவுக்கு 124-ஆம் இடம்.

2003 நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் முறைகேடு என்று மக்கள் தெருவில் இறங்கினார்கள். நவம்பர் 23 அன்று அதிபர் ஷெவர்ட்நாட்ஸே பதவி விலகினார். போராட்டக்காரர்கள் கையில் ரோஜாவோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததால் இதற்கு ரோஜாப் புரட்சி என்று பெயர். 2004 ஜனவரி 4 அன்று நடந்த அதிபர் தேர்தலில் அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய 36 வயது மிக்கேல் சாகாஷ்விலி 96 சதவீத வாக்குகளோடு வென்றார். பிப்ரவரியிலேயே அரசியல் சட்டம் திருத்தப்பட்டு அதிபரின் அதிகாரம் கூடியது. மார்ச் மாதத் தேர்தலில் நாடாளுமன்றமும் அவர் அணியின் கைக்கு வந்தது. எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை. பின்னால் நடந்த நல்லது கெட்டது இரண்டுக்கும் இதுதான் வேர்.

சாலையில் கண்டது

பழைய போக்குவரத்துப் போலீஸ், சோவியத் காலத்து மாநில வாகன ஆய்வுத் துறையின் நேரடி வாரிசு. சாலையில் வண்டியை மடக்குவது, ஓட்டுநர் உரிமம் கொடுப்பது, வண்டியைப் பதிவு செய்வது, வண்டி ஓடத் தகுதியானதா என்று சோதித்துச் சான்று தருவது எல்லாம் ஒரே துறையின் கையில். அதாவது ஒரே வண்டியிடம் நான்கு வாசலில் காசு வாங்கலாம்.

காவலரின் மாதச் சம்பளம் 40, 50 டாலர். அதுவும் சரியான தேதியில் வராது. ஆனாலும் அந்த வேலைக்குப் பயங்கரப் போட்டி. வேலையில் சேரவே சில ஆயிரம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. நல்ல வருமானம் உள்ள சந்திப்பு என்றால் இன்னும் அதிகம். சம்பளத்தை நம்பி யாரும் அந்தத் தொகையைக் கடன் வாங்கிக் கட்ட மாட்டார்கள், கிம்பளத்தை நம்பித்தான் கட்டினார்கள். போட்ட முதலை எடுக்க வேண்டும், மேலதிகாரிக்கு வாரா வாரம் பங்கு அனுப்ப வேண்டும், அப்புறம் வீட்டுச் செலவு. ஆக, தப்பு செய்த வண்டியை மட்டும் நிறுத்தினால் கட்டுப்படியாகாது. எல்லா வண்டியையும் நிறுத்தினார்கள். கோடு போட்ட தடியை நீட்டினால் வண்டி நிற்கும், கண்ணாடி இறங்கும், நோட்டு கை மாறும். தலைநகரிலிருந்து மேற்கே ஒரு நீண்ட பயணம் போகிறவர் வழியில் எத்தனை தடவை நிற்க வேண்டிவரும் என்று கணக்குப் போட்டுச் சில்லறை மாற்றி வைத்துக்கொள்வார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடியை நீட்டியவர் அந்த அமைப்பின் கடைசி ஆள். பணம் அவர் கையில் தொடங்கி மேலே போனது. நேர்மையாக இருக்க நினைத்த ஒருவர் மேலே பங்கு அனுப்பாவிட்டால் அவர் இடத்துக்கு இன்னொருவர் வந்துவிடுவார். சந்தையில் கடை வாடகை மாதிரிதான் அது நடந்தது. அதனால் சிலரைப் பிடித்துத் தண்டிப்பது, எச்சரிப்பது, பயிற்சி கொடுப்பது எதுவும் பலிக்கவில்லை.

எடுத்த முடிவு, அதற்கான காரணம்

புதிய அரசின் முன் இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஒவ்வொருவராக விசாரித்து வடிகட்டுவது. மற்றது, துறையையே மூடுவது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். 2004 கோடையில் துறை கலைக்கப்பட்டது.

காரணங்கள் மூன்று பேசப்பட்டன. வடிகட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும், அதற்குள் மக்கள் பொறுமை தீர்ந்துவிடும் என்பது முதல் காரணம். வடிகட்டுகிற அதிகாரியும் பழைய ஆள்தான் என்பது அடுத்தது. இவை இரண்டையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது: புதிதாக நூறு நல்ல ஆட்களைப் பழைய கூட்டத்துக்குள் விட்டால், கூட்டம் மாறாது, அந்த நூறு பேர்தான் மாறுவார்கள்.

வெளியேற்றப்பட்டவர்களுக்கு இரண்டு மாதச் சம்பளமும், பழைய கணக்கைத் தோண்ட மாட்டோம் என்ற உறுதியும் கொடுத்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், பெரிய கலவரம் எதுவும் வரவில்லை. இந்த மன்னிப்பை அப்போது பலர் கண்டித்தார்கள். ஆயிரக்கணக்கான பேரைச் சிறையில் போட்டுவிடலாம் என்று பயமுறுத்தியிருந்தால் அவர்கள் திருப்பி அடித்திருக்கலாம், அவர்களுக்குத் துப்பாக்கியும் தெரியும், தொடர்பும் உண்டு. புரட்சி நடந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. என் கணக்கில் அந்த மன்னிப்பு சரியான முடிவு.

பழையவர்கள் போய்ப் புதியவர்கள் வருவதற்கு இடையில் சாலையில் போக்குவரத்துப் போலீஸே இல்லாத ஒரு இடைவெளி இருந்தது. குழப்பம் வெடிக்கும் என்று பயந்தவர்கள் உண்டு. அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த 16,000 பேர் அதுவரை என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் வெட்டவெளிச்சமாயிற்று.

ஆகஸ்ட் நடுவில் திபிலிசியில் புதிய ரோந்துப் போலீஸ் வெளியே வந்தது. எண்ணிக்கை பழையதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. பெரும்பாலும் இருபதுகளில் இருந்த, படித்த இளைஞர்கள். பெண்களும் சேர்ந்தார்கள். முதல் அணிக்குச் சில வாரப் பயிற்சிதான். அமெரிக்க உதவியோடு அமெரிக்கப் பாணிச் சீருடை, ஓட்டுவதற்குப் புது ஃபோக்ஸ்வாகன் பஸ்ஸாட் கார்கள். சம்பளம் பழையதைப் போலப் பல மடங்கு.

காசு எங்கிருந்து வந்தது? ஆட்களைக் குறைத்ததில் ஒரு பகுதி. வெளிநாட்டு உதவி இன்னொரு பகுதி. ஷெவர்ட்நாட்ஸே காலத்துப் பெரும்புள்ளிகளைக் கைது செய்து, பேரம் பேசிப் பணம் வாங்கிக்கொண்டு விடுவதும் அப்போது நடந்தது. முன்னாள் அதிபரின் மருமகன் 2004 ஏப்ரலில் 1.55 கோடி டாலர் கட்டி வெளியே வந்தார். இப்படி வந்த பணத்தில் ஒரு பங்கு பட்ஜெட்டுக்கு வெளியே இருந்த சிறப்பு நிதிகளுக்குப் போனது. அவற்றின் வரவு செலவு வெளிப்படையாக இல்லை. அவசரத்துக்கு உதவியது உண்மை. ஆனால் சட்டத்துக்குப் பக்கவாட்டில் ஒரு வழி இருக்கிறது, அது வேலை செய்கிறது என்பதை ஆட்சியாளர்களுக்குப் பழக்கப்படுத்தியதும் அதுதான்.

நல்ல சம்பளம் மட்டும் போதும் என்று அவர்கள் நம்பவில்லை. அபராதத்தைக் காவலர் கையில் கொடுக்கக் கூடாது, வங்கியில்தான் கட்ட வேண்டும் என்று மாற்றினார்கள். சந்திப்புகளில் கேமரா வந்தது. அப்புறம், ரோந்துக் காரில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சக காவலரே உளவு பார்க்க வந்தவராக இருக்கலாம். விதியை மீறிவிட்டு நோட்டை நீட்டுகிற ஓட்டுநர் அமைச்சக ஆளாக இருக்கலாம். வாங்கினால் வேலை போகும். உரிமம், பதிவு ஆகிய வேலைகள் தனிச் சேவை மையங்களுக்குப் போயின. காவல் நிலையங்களைக்கூட வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரிகிற மாதிரி கண்ணாடிச் சுவரோடு கட்டத் தொடங்கினார்கள்.

2004 டிசம்பரில் உள்துறையும் அரசுப் பாதுகாப்புத் துறையும் ஒன்றாக்கப்பட்டன. இரண்டுக்கும் சேர்த்து வானோ மெராபிஷ்விலி அமைச்சரானார். 2012 வரை அவர்தான். ஒரே மனிதர் கையில் போலீஸும் உளவும் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இருந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வந்த பலன்

பலன் வேகமாக வந்தது. 2010-இல் எடுத்த கணக்கெடுப்பில், சாலைப் போலீஸுக்கு லஞ்சம் கொடுத்ததாகச் சொன்ன ஜார்ஜியர்கள் 1 சதவீதம். மற்ற முன்னாள் சோவியத் நாடுகளின் சராசரி அதைவிட எத்தனையோ மடங்கு. ஊழல் பட்டியலில் 2012-இல் நாடு 51-ஆம் இடத்துக்கு வந்திருந்தது. போலீஸில் பலித்த துணிச்சலை மற்ற இடங்களிலும் காட்டினார்கள். 2005-இல் 21 வகை வரிகள் 7 ஆகக் குறைந்தன, வருவாயோ கூடியது. அதே ஆண்டு பல்கலைக்கழகச் சேர்க்கை பேராசிரியர்கள் கையிலிருந்து பறிக்கப்பட்டு நாடு தழுவிய பொது நுழைவுத் தேர்வுக்கு மாறியது. வினாத்தாள்கள் வெளிநாட்டில் அச்சாகிப் போலீஸ் காவலோடு வந்தன. பெற்றோர்கள் வெளியே திரையில் தேர்வறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சிறைக்குள்ளிருந்தே நாட்டின் பாதியை ஆட்டிப்படைத்த ‘சட்டத்திருடர்கள்’ என்ற சோவியத் காலத்துக் குற்றக் கும்பலையும் இந்த அரசுதான் உடைத்தது. அந்தப் பட்டத்தை வைத்திருப்பதே குற்றம் என்று 2005 டிசம்பரில் சட்டம் வந்தது. தன் பட்டத்தை மறுத்துப் பேசக் கூடாது என்பது அந்தக் கும்பலின் சொந்த விதி. அதனால் நீதிமன்றத்தில் கேட்டால் இல்லை என்று சொல்லத் தயங்கினார்கள். நிறையப் பேர் ரஷ்யாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஓடினார்கள்.

ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி உண்டு. லஞ்சம் போன அளவுக்குச் சாலை பாதுகாப்பாகவில்லை. சாலை மரணங்கள் 2008 வரை ஏறுமுகமாகவே போயின. கார்கள் பெருகியது ஒரு காரணம். இன்னொன்று அரசே செய்தது. வண்டித் தகுதிச் சோதனை லஞ்சத்தின் ஊற்று என்று தெரிந்ததும் அதைச் சீர்திருத்தவில்லை, நிறுத்தியே விட்டார்கள். பிரேக் பிடிக்காத பழைய வண்டிகள் புகையைக் கக்கிக்கொண்டு ஓடின. கட்டாயச் சோதனை திரும்பிவர 2018, 2019 ஆயிற்று. காரில் முன்னால் உட்காருபவர் இருக்கைப் பட்டை கட்ட வேண்டும் என்பதே 2010-இல்தான் கண்டிப்பாக அமலுக்கு வந்தது. எத்தனை பேர் லஞ்சம் கொடுத்தார்கள் என்று அளந்தார்கள். எத்தனை பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள் என்பதை அதே அக்கறையோடு அளக்கவில்லை.

பின்னால் வந்தது

2006 ஜனவரியில் திபிலிசி உணவகம் ஒன்றில் உள்துறை அதிகாரிகள் சிலர் உட்கார்ந்திருந்த மேசையோடு வங்கி ஊழியர் ஒருவருக்கு வாக்குவாதம். 28 வயதான அவர் அன்றிரவே கடத்தப்பட்டு, ஊருக்கு வெளியே அடித்துக் கொல்லப்பட்டார். உள்துறை ஊழியர்கள் நான்கு பேருக்குத் தண்டனை கிடைத்தது. அதிபரின் மன்னிப்பால் தண்டனை பாதியாகி 2009-இல் வெளியே வந்துவிட்டார்கள். மேசையில் இருந்த உயரதிகாரிகள் பக்கம் விசாரணை போகவில்லை. 2011 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அரசு இந்தக் கொலையை ஒழுங்காக விசாரிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது.

சாலையில் 5 லாரி லஞ்சம் வாங்கினால் வேலை போகும் நாட்டில் இது நடந்தது. லாரி என்பது அங்கே பணத்தின் பெயர். ரோந்துக் காவலரைக் கண்காணிக்க மேலே ஒருவர் இருந்தார். அந்த மேலே இருந்தவரைக் கண்காணிக்க யாரும் இல்லை.

குற்றத்துக்குத் துளியும் இடமில்லை என்பது அரசின் முழக்கம். சிறு திருட்டுக்கும் சிறை. சுமார் 6,000 ஆக இருந்த கைதிகள் எண்ணிக்கை 2011-இல் 24,000-ஐத் தொட்டது. மக்கள்தொகைக் கணக்கில் ஐரோப்பாவின் முன்வரிசை. வழக்குகளில் விடுதலை ஆனவர்கள் 1 சதவீதத்துக்கும் கீழே. பெரும்புள்ளிகளுக்காகக் கொண்டுவந்த பேரம் எல்லாருக்கும் பரவி, 80 சதவீதத்துக்கு மேலான வழக்குகள் பேரத்திலேயே முடிந்தன. அரசு வழக்குரைஞரோடு பேசி, அபராதம் கட்டி, குற்றத்தை ஒத்துக்கொண்டால் வெளியே. எதிர்த்து வாதாடினால் நிச்சயம் உள்ளே. சாலையோரத்தில் நோட்டு கைமாறுவதை நிறுத்திய அரசு, நீதிமன்றத்தில் அதையே ரசீதோடு செய்தது என்று சொன்னால் கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். சிறைக்குப் போனவர்களின் குடும்பத்துக்கு அது கடுமையாகத் தெரிந்திருக்காது.

2007 நவம்பர் 7 அன்று எதிர்க்கட்சி ஆர்ப்பாட்டம் கண்ணீர்ப்புகையோடு கலைக்கப்பட்டது. இமெடி என்ற தொலைக்காட்சி நிலையத்துக்குள் போலீஸ் புகுந்து ஒளிபரப்பை நிறுத்தியது. 2012 செப்டம்பர் 18 அன்று க்ல்தானி சிறையில் கைதிகள் வதைக்கப்படும் காணொளிகள் தொலைக்காட்சியில் வெளியாயின. தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அக்டோபர் 1 அன்று ஆளுங்கட்சி தோற்றது. தோல்வியை ஒப்புக்கொண்டு அதிகாரத்தைக் கைமாற்றிக் கொடுத்தார்கள், அந்த வட்டாரத்தில் அது லேசான விஷயம் அல்ல. அடுத்த ஜனவரியில் வந்த பொது மன்னிப்பில் ஆயிரக்கணக்கான கைதிகள் வெளியே வந்தார்கள். மெராபிஷ்விலி 2013 மே மாதம் கைதாகி 2020 வரை சிறையில் இருந்தார்.

அதே மருந்து உக்ரைனில்

2015 ஜூலையில் கீவ் நகரில் புதிய ரோந்துப் போலீஸ் பதவியேற்றது. அதை நடத்தியவர் ஜார்ஜியாவில் துணை அமைச்சராக இருந்த எகா ஸ்குலாட்ஸே. இளைஞர்கள், புதுச் சீருடை, டொயோட்டா பிரியஸ் கார் என்று எல்லாம் திபிலிசியை நினைவூட்டின. ரோந்துப் பிரிவுக்கு மக்கள் நம்பிக்கையும் கிடைத்தது. ஆனால் மற்றப் பிரிவுகளைக் கலைக்கவில்லை, ஆளுக்கு ஆள் மறுமதிப்பீடு செய்தார்கள். வெளியே போனவர்கள் சிறு பங்கு, அவர்களிலும் பலர் நீதிமன்றத் தீர்ப்போடு திரும்பி வந்தார்கள். தேசியப் போலீஸின் முதல் தலைவரான இன்னொரு ஜார்ஜியர் ஹாத்தியா தெகனோயிட்ஸே ஓராண்டில், 2016 நவம்பரில், போதிய அதிகாரம் இல்லை என்று சொல்லி விலகினார். திபிலிசியில் வேலை செய்தது சீருடையும் காரும் அல்ல, எதிர்ப்பே இல்லாத நாடாளுமன்றமும், அரசுக்குக் குறுக்கே நிற்காத நீதிமன்றமும்தான். உக்ரைனில் அவை இல்லை. அப்படி இல்லாததற்காக உக்ரைனைக் குறை சொல்லவும் முடியாது.

மறுபடி செய்தால் எதை மாற்றுவது

துறையைக் கலைத்ததை மாற்ற வேண்டியதில்லை. பழைய குற்றங்களுக்கு மன்னிப்புக் கொடுத்ததையும் மாற்ற வேண்டியதில்லை. வண்டித் தகுதிச் சோதனையை நிறுத்தியிருக்கக் கூடாது, உரிமத்தை மாற்றியதுபோல அதையும் வேறு கைக்கு மாற்றியிருக்கலாம். பட்ஜெட்டுக்கு வெளியே வைத்த நிதிகளுக்கு முதல் ஆண்டே கணக்குக் கேட்டிருக்க வேண்டும். போலீஸையும் உளவையும் ஒன்றாகச் சேர்த்தது பெரிய தவறு. 2015-இல் அடுத்த அரசு அதைத் திரும்பப் பிரித்தது.

எல்லாவற்றையும்விட, போலீஸ் மீதான புகாரைப் போலீஸுக்கு வெளியே ஒருவர் விசாரிக்கும் ஏற்பாடு 2004-லேயே வேண்டியிருந்தது. ரோந்துப் படையை அமைக்கச் சில வாரங்கள் போதுமானதாக இருந்த நாட்டில் இதற்குப் பதினைந்து ஆண்டு ஆயிற்று. 2019 நவம்பரில்தான் அரசு ஆய்வாளர் சேவை என்ற தனி அமைப்பு காவலர் அத்துமீறல்களை விசாரிக்கத் தொடங்கியது. 2021 டிசம்பர் 30 அன்று, புத்தாண்டு விடுமுறைக்கு முன்னால், நாடாளுமன்றம் அவசர அவசரமாக ஒரு சட்டம் போட்டு அதைக் கலைத்தது. விசாரணை தொடங்கி இரண்டரை ஆண்டுகூட முழுசாக ஓடாத அமைப்பு, அடுத்த மார்ச் 1 முதல் இல்லாமல் போயிற்று. இந்தத் தடவை கலைத்தவர்கள் 2012-இல் சாகாஷ்விலி கட்சியைத் தோற்கடித்து வந்தவர்கள்.